நான் விழுந்து கும்பிடாத காரணம்

1

தம்பியின் கடிதம் மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று ஓரமும் ஒட்டிய நீல விமானக் கடிதம். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷமாகியும் அதைக் கிழிக்காமல் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் இரண்டு சொல் போய்விடும். போன சொல்லில்தான் கெட்ட சேதி இருந்திருக்கும் என்று நினைத்து, அடுத்த கடிதம் வரும்வரை கவலைப்படுவேன். இந்தத் தடவை அந்தச் சிரமம் இல்லை. கெட்ட சேதி நட்டநடுவிலேயே இருந்தது.

தம்பி மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது திரும்பியவள் விழுந்துவிட்டாள். வலது முட்டிச் சில்லு வெளிப்பக்கமாக விலகிவிட்டது. எலும்பு கட்டுகிறவர் வந்து தள்ளிவைத்துக் கட்டியிருக்கிறார். அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்:

“உனக்கு ஆனது போலவேதான் அக்கா. இனிமேல் பள்ளிக்கு அனுப்புவதாக இல்லை. அப்பா உனக்காகச் சொன்ன குலதெய்வக் கட்டையே இவளுக்கும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த கதை, புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நீ யாருக்கும் எழுதிவிடாதே.”

யாருக்கும் எழுதாதே என்று அவன் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவள். பதினெட்டு வயதில் கப்பலேறி, சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தோட்டத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்தபோது ஈப்போவுக்கு வந்தவள். சிலிபினில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் ஓர் இரும்புச் சாமான் கடையில் லாரி ஓட்டுகிறார். நான் டோபிக் கடையில் துணிக்கு இஸ்திரி போடுகிறேன். காலையிலிருந்து மாலைவரை நின்றே செய்கிற வேலை. உட்கார்ந்து செய்யும் வேலைகள் இருக்கும்போது நின்று செய்யும் வேலையை ஒருத்தி ஏன் கேட்டு வாங்குகிறாள் என்று கடையில் யாரும் கேட்டதில்லை. குந்தி எழுந்திருக்க வேண்டியதில்லை, அதுதான்.

2

என் மகள் வாசுகிக்கு அப்போது பதினாறு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது. பள்ளியில் அவள் போலா ஜாரிங் ஆடுவாள். பக்கத்துக்கு ஏழு பெண்கள், கம்பத்தின் உச்சியில் ஒரு வளையம். பந்தைப் பிடித்தவள் அதை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. பிடித்த இடத்திலேயே சடக்கென்று நின்று, உடம்பைத் திருப்பி, அடுத்தவளுக்கு எறிய வேண்டும். ஒரே ஒரு தடவை திடலுக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டம் எனக்குப் பயமாக இல்லை. அந்த நிற்பதும் திரும்புவதும்தான். அதைப் பார்த்த பிறகு நான் திடல் பக்கமே போகவில்லை. அம்மாவுக்கு விளையாட்டுப் பிடிக்காது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பேராக் மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று வீட்டில் அதே பேச்சாக இருந்த சமயம். ஒருநாள் பிற்பகல் அவளுடைய சீன ஆசிரியையின் கார் வாசலில் வந்து நின்றது. இரண்டு பெண்கள் தோள்கொடுத்து இறக்கினார்கள். முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

“ம்மா, ஒன்னும் இல்லலா, பயப்படாதீங்க. முட்டி வெளிய போய்ட்டுத் திரும்ப வந்துருச்சு.”

“எந்தப் பக்கம் போச்சு? வெளிப்பக்கமா?”

“ஆமா.”

“கால நீட்டுனதும் டக்குன்னு உள்ள வந்துச்சா?”

வலியிலும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“கடையில யாரோ சொன்னாங்க” என்றேன்.

வாழ்க்கையில் எதற்கும் உடனே பதில் சொல்லத் தெரியாதவள் நான். இந்த ஒன்றுக்கு மட்டும் பொய் எப்போதும் நாக்கு நுனியிலேயே இருக்கும்.

3

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதிவு செய்கிற இடத்தில் மகளுடைய நீல அடையாளக் கார்டைக் கேட்டார்கள், பிறகு என்னுடையதை. என்னுடையது சிவப்பு. நிரந்தரமாகக் குடியிருக்கலாம், ஆனால் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று அர்த்தம். பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு ஐந்து வருஷமாகிறது. சிவப்புக் கார்டை நீட்டும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் அதை இரண்டு பக்கமும் புரட்டுவார். அது திரும்பி வரும்வரை நான் நீட்டிய கையை எடுக்க மாட்டேன்.

என்ன ஆயிற்று என்று மலாய்க்காரத் தாதி கேட்டாள். எனக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய், சந்தை மலாய். “லுத்துட் டியா சுடா லரி” என்றேன். விலகிப்போனது என்று சொல்ல நினைத்தேன். நான் சொன்னதற்கு, அவள் முழங்கால் ஓடிவிட்டது என்று பொருள். “ஓடிப்போச்சா? அப்ப இவ மட்டும் எப்டி இங்க இருக்கா?” என்று அந்தத் தாதி சிரித்தாள். வாசுகி வெட்கப்பட்டு, என்னைத் தாண்டி நல்ல மலாயில் கடகடவென்று விளக்கினாள். எங்கே போனாலும் இப்படித்தான். பாதி வழியில் பிள்ளை என் வாயிலிருந்து பேச்சை வாங்கிக்கொள்வாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. ஆறு வாரம். அதைப் பிரிக்கிற நாளில்தான் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். என் வீட்டுக்காரரும் லாரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட வந்திருந்தார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். தோட்டத்தில் இருந்தபோது அந்த மாதிரிக் குடும்பத்தாரைக் கணக்கெழுதும் கிராணி வீட்டில்தான் பார்த்திருக்கிறோம், அதுவும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. அதனால் அவர் உட்காரச் சொல்லியும் இவர் உட்காரவில்லை. டாக்டர் தாமும் எழுந்து நின்றுகொண்டு பேசினார். அப்புறம்தான் இவர் உட்கார்ந்தார்.

மேஜையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம். பள்ளிகளில் விளையாடுகிற பெண்களுடைய முழங்கால்களை அளந்து அதில் எழுதிக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பிலிருந்து சில்லுக்கு ஒரு கோடு, சில்லிலிருந்து கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வளைவு என்று மடக்குகிற ஸ்கேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். கட்டைவிரலை மடக்கினால் மணிக்கட்டைத் தொடுகிறதா என்று பார்த்தார். வாசுகிக்குத் தொட்டது. எனக்கும் தொடும். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

“இது ஏன் டாக்டர், பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும்?” என்று இவர் கேட்டார்.

“பெடியங்களுக்கும் வரும். பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் கூடுதலா வருது. ஏன் எண்டு சரியாத் தெரியேல்லை. நான் படிச்ச புத்தகங்களை எழுதினவை எல்லாரும் ஆம்பிளையள். அவை அளந்ததும் ஆம்பிளையளின்ரை முழங்காலைத்தான்.” வாசுகியைப் பார்த்துச் சிரித்தார். “பொம்பிளைப் பிள்ளையள் விளையாடக் கூடாது எண்டு சொல்லுறது லேசு. எப்பிடிப் பயமில்லாமல் விளையாட விடலாம் எண்டு சொல்லத்தான் எனக்கு இந்த அளவெல்லாம் வேணும்.”

பிறகு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். சில்லு மேலும் கீழும் ஓடுவதற்குத் தொடையெலும்பில் ஒரு பள்ளம் இருக்கிறதாம். இவளுக்கு அது ஆழம் குறைவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படத்தை வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்.

“அதுதான் கேட்கிறன். குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி விலகியிருக்கோ? அம்மா பக்கம், அப்பா பக்கம்? இருந்தால் இது பிறவியிலை வந்தது. ரெண்டு காலையும் பார்க்க வேணும். இல்லையெண்டால் விழுந்ததாலை வந்தது, இந்த ஒரு கால்தான்.”

“எங்க வீட்டுல யாருக்கும் இல்ல டாக்டர்” என்றார் இவர், கொஞ்சம் பெருமையோடு.

டாக்டர் வாசுகியைப் படுக்க வைத்தார். காலைச் சற்று மடக்கி, கட்டைவிரலால் சில்லை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளினார். தள்ளும்போது அவர் முட்டியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேணாம் டாக்டர்!” என்று கத்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“நோகுதோ பிள்ளை?”

“நோகல. போயிரும்னு…”

“ஓம். அந்தப் பயம்தான் சோதினை. ஒருக்கா விலகினவைக்குத்தான் அது வரும்.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் வலது கை, சேலைக்கு மேலாக என் சொந்த முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது அங்கே போனது என்று எனக்கே தெரியாது.

“அம்மாவுக்கு?”

“இல்ல டாக்டர்.”

அவர் என் கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். பேனா போகிற சத்தம் கேட்டது.

4

அந்த ‘இல்லை’ எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் நாங்கள் வளையப்பந்து ஆடுவோம். ரப்பர் வளையத்தைப் பிடிக்கத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, பக்கவாட்டில் ஒரு மேடு. எலும்பு கட்டுகிறவர் வந்தார். மூன்று மாதத்தில் மறுபடி விலகியது, இந்தத் தடவை அடுத்த கால். கால் நிற்காத பெண் என்று பேச்சுக் கிளம்பும் முன் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். பாதியில் விட்ட கணக்கு நோட்டை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

விழுந்து கும்பிட்டு எழுவதுதான் எனக்கு ஆபத்து. மண்டியிட்டு எழும்போது சில்லு நழுவும். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதுதானே. அப்பா ரொம்ப யோசித்து ஒரு கதை கட்டினார். எங்கள் வகையறாப் பெண்கள் குலதெய்வத்தைத் தவிர வேறு யார் காலிலும் மண்டியிடக்கூடாது, பரம்பரைக் கட்டு என்று. பக்கத்து ஊர்க்காரர்கள் இதை நம்பவில்லை. எங்கள் அத்தைகள் விழுந்து விழுந்து கும்பிட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்களே. கடலுக்கு அப்பாலிருந்து கேட்டவர்களுக்கு அது தெரியாது. மலேயாவில் பிறந்த மாப்பிள்ளை, பூர்விக ஊரில் பெண் தேடுகிறார் என்றதும் அப்பா என்னைத் துறையூர் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். நாற்காலியில் உட்கார வைத்து, சேலையைக் கால் மறைய விரித்துப் படம் எடுத்து அனுப்பினார். மாப்பிள்ளை வந்தார், எட்டாம் நாள் கல்யாணம். நாகப்பட்டினத்தில் கப்பல்.

தோட்டத்தில் மலைச்சரிவில் எனக்கு வெட்ட ஒரு நிரை மரம் கொடுத்தார்கள். பழைய சேலையைக் கிழித்து இரண்டு முட்டியிலும் இறுக்கிக் கட்டி, அதன்மேல் கால்சட்டை போட்டுக்கொள்வேன். தாழ வெட்டிய மரங்களுக்குக் குந்தாமல் குனிந்தே வெட்டினேன். இரண்டு தடவை நிரைக்குள்ளேயே நழுவியது. சருகில் உட்கார்ந்து, வாயில் தலைத்துண்டைக் கடித்துக்கொண்டு, நானே தள்ளி வைத்துக்கொண்டேன். பால் வாளி கவிழ்ந்ததற்கு மட்டும் பேச்சு வாங்கினேன்.

தீபாவளிக்கு, தைப்பூசத்துக்கு, பெரியவர்கள் வந்தால், லயத்து வீடுகளில் எல்லாரும் விழுந்து கும்பிடுவார்கள். நான் மட்டும் கைகூப்பிக்கொண்டு நிற்பேன். “ஊர்ல இருந்து வந்த ராணி, சாமிக்கு மட்டும்தான் குனிவாங்களாம்” என்று என் மாமியார் முகத்துக்கு நேராகவே சொல்வார். அவர் இறந்தபோது மருமகள்கள் ஒவ்வொருவராகக் காலடியில் விழுந்து எழுந்தார்கள். என் முறை வந்தது. ஈரத்தரை. நான் நின்றுகொண்டே கும்பிட்டேன். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். ஆனால் முன்பு பேசியது போல இல்லை.

இதையெல்லாம் டாக்டருடைய ஒரு கேள்விக்காக, இவர் பக்கத்திலிருக்கும்போது, அவிழ்த்துக் கொட்டுவதா? போதாததற்குச் சிவப்புக் கார்டு பயம் வேறு. அரசாங்க டாக்டர் எழுதினால் அது காகிதம். காகிதம் எந்த ஆபீசுக்கும் போகும். கால் சரியில்லாதவளுக்குப் பிரஜாவுரிமை எதற்கு என்று ஒருவர் கேட்டால்? இப்படியெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்த நாற்காலியில் எனக்கு எல்லாமே நடக்கும் போலத்தான் இருந்தது.

5

டாக்டர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். படுத்துக்கொண்டு வலது காலை நீட்டி, தொடையை இறுக்கி, ஒரு முழம் தூக்கிப் பிடிக்க வேண்டும். கணுக்காலில் மணல் பை. தொடைச் சதை பலமானால் அதுவே சில்லை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. ஒழுங்காகச் செய்தால் ஆடலாம் என்றார்.

வாசுகி ஒருநாள்கூட விடவில்லை. கூடத்தில் பாய் விரித்து, சத்தமாக மலாயில் எண்ணிக்கொண்டே தூக்குவாள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் தாங்காமல் போய் நின்றேன்.

“இடது காலையும் தூக்கு.”

“டாக்டர் ரைட் மட்டும்தான் சொன்னாரு.”

“பரவால்ல, ரெண்டும் தூக்கு. நல்லதுதானே?”

“ஏன்?”

“சும்மாதான்.”

“ம்மா, உங்களுக்கு என்னா, டாக்டரவிடத் தெரியுமா? எனக்கு டைம் இல்லலா.”

மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். “தொல்ல பண்ணாதீங்க” என்று கதவைச் சாத்தினாள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். அவள் தூங்கிய பிறகு இடது முட்டியில் விபூதி பூசினேன். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இடது முட்டி போனது. பந்தைப் பிடித்து நின்ற இடத்திலேயே.

மறுபடி அதே அறை. டாக்டர் நோட்டைப் புரட்டி வாசுகியின் பக்கத்தை எடுத்தார். அதில் பெயர் கிடையாது, பத்தொன்பது என்ற எண்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை எண்டு எழுதியிருக்கிறன். அப்ப நான்தான் எங்கையோ பிழைவிட்டிட்டன்.”

வாசுகி அழுதுகொண்டிருந்தாள். “நான் சரியா செய்யலியா டாக்டர்? ஒருநாள் கூட விடல. அப்பா, நீங்க சொல்லுங்க, ஒருநாளாவது விட்டனா?”

“விடல டாக்டர்” என்றார் இவர். “பாவம், ஒருநாளும் விடல.”

அந்த அறையில் இரண்டு பேர் தங்கள் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். பழிக்கு உரியவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு இருக்கு” என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “எனக்கு இருக்கு டாக்டர். ரெண்டு கால்லயும். பதிமூணு வயசுலேர்ந்து.”

 டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலைக் காட்டினார். “படுங்கோ அம்மா. பார்ப்பம்.”

படுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டர் என் முட்டியைத் தொட்டார். கட்டைவிரலை வைத்ததுமே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று இவரும் பார்த்தார். பதினெட்டு வருஷம் அவரிடமிருந்து மறைத்த முகம் அது.

“அப்ப குலதெய்வக் கட்டு?” என்றார் இவர்.

“அப்பா சொன்ன பொய்.”

“நீ?”

“நானும்தான் சொன்னேன்.”

டாக்டர் நோட்டில் பழையதை ஒரு கோடு போட்டு அடித்தார். புதிய வரியில் எனக்கு ஓர் எண் கொடுத்தார்: பத்தொன்பது அ.

“டாக்டர், இது ஐசி கார்டு ஆபீசுக்குப் போகுமா?”

“இந்தப் புத்தகம் என்ரை அலமாரியை விட்டு எங்கையும் போகாது அம்மா.” பேனாவை மூடிவைத்தார். “ஆனா ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. முதலிலையே தெரிஞ்சிருந்தால் ரெண்டு காலுக்கும் பயிற்சி குடுத்திருப்பன். இடது கால் தப்பியிருக்கும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன். தப்பப் பார்த்திருக்கும்.”

வாசுகி அழுவதை நிறுத்தியிருந்தாள். “ரெண்டு காலையும் தூக்குன்னு சொன்னீங்களே” என்றாள். “ஏன்னு கேட்டேன்ல? சொல்லியிருந்தா தூக்கியிருப்பேன்லா ம்மா.”



6

அந்த வருஷத் தேர்வு போனது. அடுத்த வருஷம் அவளுக்குப் பரீட்சை. பிறகு வயது தாண்டிவிட்டது. அவள் பேராக் சட்டை போடவே இல்லை. இதை நான் எப்படித் திருப்பி எழுதினாலும் அது அப்படித்தான் நிற்கிறது. இரண்டு காலுக்கும் எட்டு மாதம் பயிற்சி செய்தபின் பள்ளிக் குழுவில் ஆடினாள். முன்பு நடுவில் நின்று திடல் முழுக்க ஓடுகிறவள், இப்போது வளையத்துக்குக் கீழே நின்று பந்து போடுகிறவள். திரும்புகிற வேலை குறைவு. டாக்டர் யோசனை அது. முட்டி அதற்கப்புறம் விலகவில்லை.

என்னோடு பல வாரம் தேவைக்கு மட்டும் பேசினாள், அதையும் மலாயில் பேசினாள். கோபம் வந்தால் என் பிள்ளை நான் முழுசாக நுழைய முடியாத மொழிக்குள் போய்விடுவாள். ஒரு சாயங்காலம் பாயை விரித்தவள், பக்கத்தில் இன்னொன்றையும் விரித்தாள். ஒரு மணல் பையை என் பக்கம் தள்ளினாள். “டாக்டர் உங்களயும் செய்யச் சொன்னாருல்ல? படுங்க.” படுத்தேன். “முட்டிய மடக்காதீங்க. சாத்து, டுவா…”

 நான் உண்மையைச் சொன்ன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது இவர் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். சிலிபினில் இறங்குவதற்கு முன், “நெரையில நழுவுச்சின்னா என்னா பண்ணுவ?” என்று மட்டும் கேட்டார்.

“நானே தள்ளிக்குவேன்.”

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

அவர் அந்த நாளில் அதே தோட்டத்தில் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். என் நிரைக்குக் கீழே ரோட்டில்தான் நிறுத்துவார். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். 

என் மாமியாரின் திதி வந்தது. படத்துக்கு மாலை போட்டு, இலை போட்டுப் படைத்தோம். இவர் விழுந்து கும்பிட்டு எழுந்தார். வாசுகி விழுந்தாள். நான் வழக்கம்போலக் கடைசியில் நின்றேன். திடீரென்று எனக்குத் தோன்றியது: இனி மறைக்க என்ன இருக்கிறது? நழுவினால் நழுவட்டும், ஒரு தடவையாவது விழுந்துவிடுவோம். முந்தானையைச் செருகிக்கொண்டு குனியப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“நின்னுக்கிட்டே கும்பிடு, புள்ள. அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன்.”

7

தம்பியின் கடிதத்தை டாக்டரிடம் எடுத்துப்போனேன். படித்துக்காட்டச் சொன்னார். கட்டு விஷயம் வந்த இடத்தில், “அந்தச் சாமி இன்னும் எத்தினை பிள்ளையளின்ரை முழங்காலைத் தன்ரை தலையிலை சுமக்கும்?” என்று கேட்டார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு முழங்கால் வரைந்து, தொடைச் சதை எங்கே, சில்லு எங்கே என்று அம்புக்குறி போட்டுத் தந்தார். அதைப் பார்த்துத் தம்பிக்கு எழுதிப் போட்டேன். பிள்ளையைத் திருச்சி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டு, அவளுடைய அப்பா வழியில் அத்தைக்கு இது உண்டு என்பதை முதலிலேயே சொல்லு என்று. இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கடிதத்தைக் கிழித்திருப்பான் என்று ஒருநாள் நினைக்கிறேன். கடிதம் போய்ச் சேரவில்லை என்று ஒருநாள் நினைக்கிறேன். எனக்கு நினைக்கவா சொல்லித்தர வேண்டும்.

அதனால்தான் அவன் ஊர்ப் பக்கமும் வாங்குகிற பத்திரிகைக்கு அனுப்பி, படிக்கிற உங்கள் கையில் கொடுக்கிறேன். வாசுகிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அனுப்புவதற்கு முன் நான் படிக்க, அவள் கேட்டாள். சில இடங்களில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். முடிவில் ஒன்றுதான் சொன்னாள்: “ரெண்டு கால்னு பெருசா எழுதுங்கலா.”

எழுதுகிறேன். இரண்டு காலும், தம்பி. விலகாத காலையும் சேர்த்து.

உன் மகளின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. என் முட்டியைத்தான் எழுதியிருக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால், அக்காவுக்கு இருக்கிறது, எங்கள் குலதெய்வம் அப்படி ஒரு கட்டும் போடவில்லை என்று சொல்லிக்கொள். டாக்டர் தம் நோட்டில் எனக்குக் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறார், பத்தொன்பது ஆ என்று. அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்தால் அதை நிரப்புவார்.

இந்நேரம் கட்டுப் பிரித்து அவள் நடக்கத் தொடங்கியிருப்பாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. பள்ளி உடுப்போடு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஸ்டூடியோக்காரர் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார். வேண்டாம் என்று சொல். நிற்க வைத்து எடு.